அப்பாவின் தூண்டில் கோலும் உறையாத எபோக்சியும்

எங்கள் வீட்டு ஸ்டோர் அறையில், கதவுக்குப் பின்னால், ஒரு தூண்டில் கோல் பல ஆண்டுகளாகச் சாய்ந்து நின்றது. ஆறரை அடி நீளம். கண்ணாடி இழையால் ஆன கோல். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், தீபாவளி முன்பணத்தில் அப்பா வாங்கியது. அதற்காக அம்மா இரண்டு நாள் அப்பாவுடன் பேசவில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அறிந்த கதை.

தோட்டம் கைமாறியது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீட்டைக் காலி செய்து நாங்கள் ஈப்போ புந்தோங்கிற்கு வந்தபோது, கட்டில், தையல் இயந்திரம், சாமி படங்களோடு அந்தக் கோலும் லாரியில் ஏறியது. அதற்குப் பிறகு அப்பா அதைத் தொடவில்லை. பட்டணத்துக்கு வந்தபின் பாதுகாவலர் வேலை. பன்னிரண்டு மணி நேரம். மீன் பிடிக்க எங்கே நேரம்?

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் என் ஒன்பது வயது மகன் அதை வெளியே இழுத்து வந்தான்.

"தாத்தா, இதுல மீன் பிடிக்கலாமா?"

அப்பா கோலை வாங்கிப் பார்த்தார். கயிறு போகும் வளையங்களில் மூன்று ஆடின. ஒன்று காணவே இல்லை. கட்டியிருந்த நூல் பிரிந்து தொங்கியது. வளையத்தின் கால்கள் துருவேறிப் போயிருந்தன.

"வளையமெல்லாம் ஆடுதுய்யா. இனிமே இது எதுக்கு?" என்று சொல்லிச் சுவரில் சாய்த்துவிட்டார்.

அவர் சொன்னது கோலை மட்டுமா என்று எனக்குச் சந்தேகம். அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு கண்ணில் புரை நீக்கும் சிகிச்சை நடந்திருந்தது. அதிலிருந்து வாசல் நாற்காலியே கதி என்று இருந்தார். "நான் சரி பண்ணித் தரேன்" என்று பேரனிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு ஐந்து வாரம் ஆனது.

நூல்தான் எல்லாம்

தூண்டில் கோலை நீங்கள் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. வளையங்களைக் கோலில் ஒட்டியிருப்பார்கள், அல்லது திருகியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. கோலில் துளை போட முடியாது. போட்டால் மீன் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். கோல் வளைய வேண்டும். வளையமும் அதோடு சேர்ந்து வளைய வேண்டும். அதனால் வளையத்தின் மெல்லிய கால்களைக் கோலின் மேல் வைத்து, நெருக்கமாக நூல் சுற்றிக் கட்டுகிறார்கள். ஒரு வளையத்துக்கு நூறு சுற்றுக்கு மேலும் வரும்.

வெறும் நூல் வெயிலிலும் மழையிலும் நிற்காது. அதன்மேல் பூசும் பூச்சுதான் நூலைக் காக்கிறது. பழைய காலத்தில் பட்டு நூல் சுற்றி வார்னிஷ் அடித்தார்கள். ஒரு பூச்சு காய ஒரு நாள். அப்படிப் பல பூச்சு. இன்று அந்த இடத்தை எபோக்சி பிடித்துக்கொண்டது.

எபோக்சி பிசினுக்கு 1930களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் வழி கண்டார். அவர் தேடியது பல் மருத்துவத்துக்கான பொருளை. அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ அதே துறையில் உழைத்தார். 1946இல் 'அரால்டைட்' என்ற பெயரில் பசை சந்தைக்கு வந்தது. விமானம், படகு, மின் கருவிகள் என்று பரவிய அந்தப் பொருள்தான் இப்போது தூண்டில் கோலின் நூல் மேலும் கண்ணாடி போல் பளபளக்கிறது.

இரண்டு குப்பிகள் வரும். ஒன்றில் பிசின், மற்றதில் ஹார்டனர் எனும் இறுக்கி. இரண்டையும் கலந்தால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். கேட்க எளிது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பேராக்கில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை

நம் மாநிலத்தில் தூண்டில் போடுபவர்கள் ஏன் இவ்வளவு பேர் என்பதற்கு நிலமே பதில் சொல்லும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குழிகள் குட்டைகளாக நிற்கின்றன. 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. பத்து காஜா, கம்பார், மாலிம் நாவார் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் தண்ணீர்தான். மேற்கே கடலை நோக்கிச் சுமார் 400 கிலோமீட்டர் ஓடும் பேராக் ஆறு. வடக்கே கெரிக்கைத் தாண்டினால் தெமெங்கோர் ஏரி. தோமானும் செபாராவும் தேடி வருபவர்கள் அங்கே படகு வீட்டில் தங்குகிறார்கள். தஞ்சோங் துவாலாங் பக்கம் போனால் ஊடாங் காலா.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஓடை இருந்தது, வாய்க்கால் இருந்தது. மூங்கில் வெட்டி, நுனியில் தங்கூசி கட்டி, மண்புழு கோத்தால் போதும். கெளுத்தியும் விராலும் வரும். மழை பெய்து மரம் நனைந்தால் சீவ முடியாது. வேலையும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் அப்பா பிடித்து வந்த மீன்தான் குழம்பு. அவருக்கு அது பொழுதுபோக்கு அல்ல என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

என் முதல் பூச்சு

புதிய வளையங்களும் நூலும் எபோக்சிக் குப்பிகளும் வாங்கினேன். நூலின் நிறத்தை மகன் தேர்ந்தெடுத்தான். பேராக் கொடியின் நிறங்கள்தான் வேண்டும் என்றான்: வெள்ளை, மஞ்சள், கறுப்பு. இரண்டு வாரம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, மேசையில் உட்கார்ந்து சுற்றினேன். கோலை இரண்டு அட்டைப் பெட்டிகளின் வெட்டில் கிடத்தி, நூலைக் கனமான ஒரு புத்தகத்துக்கு நடுவில் விட்டு இழுவை கொடுத்து, கோலை உருட்டி உருட்டிச் சுற்ற வேண்டும். முடிக்கும்போது முடிச்சு கிடையாது. கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு முன் ஒரு தனி நூலை மடக்கிக் கண்ணியாக வைத்து, அதன் மேலேயே சுற்றி, நூலின் நுனியைக் கண்ணியில் நுழைத்து இழுத்தால் நுனி சுற்றுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். இதைக் கற்றுக்கொண்ட இரவில் மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை இரவு எபோக்சி. மாலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாசல் போர்ச்சில் காற்றாட உட்கார்ந்தேன். அளவு? குப்பி மூடியில் கண்ணளவாகப் பாதி இது, பாதி அது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். ஐஸ்கிரீம் குச்சியால் முட்டை அடிப்பது போல் அடித்துக் கலக்கினேன். பூசினேன். ஒரு மணி நேரம் கையால் உருட்டினேன். கை வலித்தது. சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் பார்த்தால், ஒவ்வொரு கட்டின் கீழும் ஒரு சொட்டு தொங்கியபடி நின்றிருந்தது. மேலே குமிழிகள். பளபளக்க வேண்டிய இடம் மங்கலாக, புகை படிந்தது போல் இருந்தது. வெள்ளை நூல் காணாமல் போய் உள்ளே இருந்த வளையத்தின் கால் தெரிந்தது. மஞ்சள் நூல் காய்ந்த ஒட்டுப்பால் நிறத்துக்கு மாறியிருந்தது. தொட்டால் விரல் ஒட்டியது. மறுநாளும் ஒட்டியது. ஒரு வாரம் கழித்தும் ஒட்டியது.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

பால் ஸ்டோர் பாடம்

அப்பா தானாகவே நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கோலை எடுத்துக் கட்டை விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"ரெண்டையும் எப்படி அளந்த?"

"மூடியில... ஒரு குத்துமதிப்பா."

"பாலுக்கு ஆசிட் ஊத்துறவன் குத்துமதிப்பா ஊத்துனா தோட்டம் விளங்குமா?"

அப்பா மரம் சீவியவர் என்று மட்டுமே இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிச் சில ஆண்டுகள் அவர் பால் ஸ்டோரில் இருந்தார். அன்றுதான் அந்த வேலையை விவரமாகச் சொன்னார். மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஸ்டோருக்கும் வந்த பாலை முதலில் வடிகட்ட வேண்டும். மெட்ரோலக் என்ற மிதவைக் கருவியை விட்டு ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கேற்பத் தண்ணீர் சேர்த்து, பிறகு அளந்து பார்மிக் அமிலம். அமிலம் குறைந்தால் பால் சரியாக உறையாது. தண்ணீர் வெள்ளையாகவே நிற்கும். கூடினால் கட்டி இறுகிப்போய், உருளையில் விட்டு இழுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கலக்கும்போது நுரை எழும்; அதை வழித்து எடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழி விழும்.

"இதுவும் பால்தான்டா. உறையுது, அவ்வளவுதான்" என்றார்.

வேதியியல் பாடநூல் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காது. ஆனால் அப்பா சொன்னதில் பெரிய உண்மை இருந்தது. எபோக்சியில் பிசின் மூலக்கூறுகளும் ஹார்டனர் மூலக்கூறுகளும் கைகோத்து ஒரு வலைபோல் ஆகின்றன. ஒரு பக்கம் ஆள் கூடினால், கூடியவர்களுக்குக் கைகோக்க ஆளில்லை. அவர்கள் அப்படியே பிசுபிசுப்பாக நின்றுவிடுவார்கள். எத்தனை நாள் காய வைத்தாலும் பயனில்லை. படகுக்குப் பூசும் பாலியஸ்டர் பிசினில் சில சொட்டு வினையூக்கி விடுவார்கள். அதைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும். அந்தப் பழக்கத்தில் எபோக்சியிலும் ஹார்டனரைக் கூட்டுபவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

மெங்லெம்பு அண்ணனின் பட்டறை

நண்பர் ஒருவர் வழியாக மெங்லெம்புவில் ஓர் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தோம். பகலில் தொழிற்சாலை வேலை. மாலையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில் கோல் கட்டுவதும் பழுது பார்ப்பதும். சுவரில் இருபது முப்பது கோல்கள். என் கோலைப் பார்த்தவுடன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

"லேசா ஒட்டினா, சரியா கலந்த பூச்சு ஒன்னு மேல போட்டுக் காப்பாத்திடலாம். இது ஈரமும் குடிச்சிருக்கு. பிரிச்சிடலாம் தம்பி" என்றார்.

ஈரம் குடித்தது என்று அவர் சொன்னதுதான் அந்த மங்கல். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல் படியும். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது நம் ஊரில் சாதாரணம். மழை விட்ட இரவில் திறந்த போர்ச்சில் பூசியது நானே தேடிக்கொண்ட வினை.

தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினார். பூச்சு இளகியது. வளையத்தின் கால் மேல், உலோகத்தின் மீது மட்டும், பிளேடை ஓட்டி நூலை அறுத்தார். "பிளேடு கோலத் தொட்டா கோல் செத்துச்சு" என்று எச்சரித்தார். மிச்சத்தை விரலாலும் மரக்குச்சியாலும் உரித்து, ஆல்கஹாலால் துடைத்தோம். இரண்டு வாரம் நான் சுற்றிய நூல் ஒரு மணி நேரத்தில் குப்பைக் கூடையில் கிடந்தது.

அப்பா பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது, "அளக்குற வேலைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

இரண்டாம் முறை

மீண்டும் சுற்றினேன். இந்த முறை பத்து நாளில் முடிந்தது. நூல் இழைகளில் எழுந்த பிசிறுகளைச் சாராய விளக்கின் சுடரில் ஒரு நொடி காட்டிப் பொசுக்கினேன். நைலான் நூல் எபோக்சியைக் குடித்தால் ஒளி ஊடுருவும். வெளிர் நிறங்கள் மறைந்துபோகும். அதைத் தடுக்க நிறக்காப்புத் திரவம் என்று ஒன்று விற்கிறது. அதை மூன்று முறை பூசி, முழுதும் காயவிட்டேன். நிறக்காப்பு பூசாமலே நிறம் மாறாத நூலும் உண்டு. அண்ணனின் கருத்துப்படி, கனமான மீனுக்கான கோலில் நிறக்காப்பு இல்லாமல் எபோக்சியை நூலுக்குள் இறங்க விடுவதே நல்லது. பிடிமானம் கூடும், அழகு கொஞ்சம் குறையும்.

பூசும் நாள் ஒரு ஞாயிறு. காலை பத்து மணிக்குப் படுக்கை அறையில் குளிர்சாதனத்தை ஒரு மணி நேரம் ஓடவிட்டு அறையின் ஈரத்தை இறக்கினோம். பிறகு அதை அணைத்தோம். காற்று வீசினால் தூசி வந்து ஒட்டும். சாம்பிராணி, கொசுவத்தி எதுவும் கூடாது என்று வீட்டுக்கே தடை. தலைக்கு எண்ணெய் வைத்த கையால் நூலைத் தொடக்கூடாது என்று மகனையும் தள்ளி உட்கார வைத்தோம். எண்ணெயோ, காடிக்கு மினுக்குப் போடும் சிலிகான் மருந்தோ பட்ட இடத்தில் எபோக்சி ஒட்டாமல் விலகி, மீன் கண் போலக் குழி விழும்.

இரண்டு குப்பிகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிற்க வைத்தோம். பிசின் இளகினால் அளவு சரியாக வரும், குமிழியும் எளிதில் வெளியேறும். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு ஊசிக்குழல்களை எடுத்தார். ஒன்றில் 'பி', மற்றதில் 'ஹா' என்று முன்பே எழுதி ஒட்டியிருந்தார், மாறிவிடக் கூடாதென்று. ஒவ்வொன்றிலும் 3 மில்லி. எட்டு வளையத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் குறைக்கக் கூடாது என்றார் அண்ணன். காரணம் எளிய கணக்கு. 3 மில்லியில் 0.1 தவறினால் மூன்று விழுக்காடு பிழை. 1 மில்லியில் அதே 0.1 தவறினால் பத்து விழுக்காடு.

ஊசிக்குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, கோட்டில் சரியாக நிறுத்தினார். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது நடுங்கும் அந்தக் கை அப்போது நடுங்கவில்லை.

அடிக்கவில்லை, மெதுவாக, அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்து நான்கு நிமிடம் கலக்கினேன். அப்பா கடிகாரம் பார்த்தார். கலந்ததும் கிண்ணத்திலேயே விடாமல் ஓர் அலுமினியத் தாளில் பரப்பினோம். எபோக்சி இறுகும்போது வெப்பம் எழும். குவியலாக இருந்தால் அந்த வெப்பமே அதை இன்னும் விரைவாக இறுக்கும். பரப்பினால் வேலைக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். குமிழிகளும் தாமாக உடையும். நம் ஊர் வெப்பத்தில் இது முக்கியம். குப்பியில் எழுதியிருக்கும் வேலை நேரம் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறைக்கானது. வெப்பம் 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. 32 டிகிரியில் தூரிகை பாதியிலேயே இழுக்கத் தொடங்கிவிடும்.

கோலைச் சுழற்ற ஒரு மோட்டாரை அண்ணன் இரவல் கொடுத்திருந்தார். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று. கெட்டுப்போன மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழற்றிய மோட்டார் அது. கேட்டதும் உங்களில் சிலர் வீட்டிலுள்ள பழைய அடுப்பைத் தேடிப் போவீர்கள். தயவு செய்து வேண்டாம். மின் இணைப்பை எடுத்த பிறகும் அடுப்பின் உள்ளே இருக்கும் மின்தேக்கி உயிரைக் குடிக்கும் அளவு மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். மெதுவாகச் சுழலும் மோட்டார் தனியாகவே கடையில் கிடைக்கிறது.

கோல் சுழலச் சுழலத் தூரிகையால் மெல்லிய பூச்சு. நூலின் இரு ஓரத்திலும் ஓரிரு மில்லிமீட்டர் கோலின் மேலும் பட வேண்டும். வளையத்தின் காலுக்கு இருபுறமும் நூலுக்கடியில் சிறு சந்து இருக்கும். அதை நிரப்பாவிட்டால் தண்ணீர் உள்ளே போய்க் கால் துருப்பிடிக்கும். அப்பாவின் பழைய கோலில் நடந்தது அதுதான். பத்து நிமிடம் கழித்துச் சுழற்சியை நிறுத்தினோம். கூடுதல் எபோக்சி கீழே திரண்டு நின்றது. தூரிகை நுனியால் அதை ஒற்றி எடுத்தோம். சாராய விளக்கின் சுடரை ஒரு கணம் அருகே கொண்டுபோனதும் மிச்சக் குமிழிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சுடர் நிற்கக் கூடாது. நின்றால் கொதித்துப் புதுக் குமிழி வரும்.

ஆறு மணி நேரம் சுழன்றது. அப்பா மதியத் தூக்கத்தைத் தவிர்த்து அறைக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். மறுநாள் காலை அவர்தான் முதலில் தொட்டார். என்னைப் பார்த்து, "உறைஞ்சிருச்சு" என்றார்.

இரண்டாவது பூச்சு அன்று மாலை. பிறகு ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது.

நீங்களும் செய்யப் போகிறீர்களா?

ஆர்வமுள்ள வாசகர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில:

ஒன்று, இரு குப்பிகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுப்பாக இருக்கட்டும். பெரும்பாலானவை கன அளவில் ஒன்றுக்கு ஒன்று. சில வேறு விகிதத்தில் வரும். குப்பியில் எழுதியிருப்பதே வேதவாக்கு.

இரண்டு, வன்பொருள் கடையில் கிடைக்கும் ஐந்து நிமிடப் பசை இதற்கு ஆகாது. பூசி முடிப்பதற்குள் இறுகிவிடும்; கோலோடு சேர்ந்து வளையவும் செய்யாது.

மூன்று, கையுறை கட்டாயம். மாவு தடவாத நைட்ரைல் உறை நல்லது. இறுகாத எபோக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். கையில் பட்டால் தின்னரால் கழுவாதீர்கள். அது இன்னும் உள்ளே கொண்டுபோகும். துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும், கலக்கும் வேலை பெரியவர்களுடையது.

நான்கு, தடித்த ஒரு பூச்சை விட மெல்லிய இரண்டு பூச்சு அழகு. தடித்தால் நடுவில் உப்பிப் பந்துபோல் நிற்கும்.

ஐந்து, முதலில் ஒரு மூங்கில் குச்சியில் பழகுங்கள். அப்பாவின் கோலில் பழகாதீர்கள்.

கோலகங்சார் ஆற்றங்கரை

விடுமுறை முடிவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மூவரும் கோலகங்சார் போனோம். போகிற வழியில் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தை மகனுக்குக் காட்டினோம். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பது இந்த ஊரில் நடப்பட்டன. அவற்றில் மிஞ்சிய ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். அப்பா தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்தவர். இந்த மரத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். சுற்றி வந்தார். பட்டையைக் கூர்ந்து பார்த்தார்.

"இதிலிருந்துதான் தாத்தா எல்லாமா?" என்று பேரன் கேட்டான்.

"நம்ம சோறு இதுலேருந்து வந்துச்சு" என்றார்.

ஆற்றங்கரையில் அவர்தான் முதலில் வீசினார். முதல் வீச்சு பக்கத்துப் புதரில் மாட்டியது. இரண்டாவது நடு ஆற்றுக்குப் போனது. பிறகு கோலைப் பேரன் கையில் கொடுத்துவிட்டு, அவனுக்குப் பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். மதியத்துக்குள் உள்ளங்கை அளவில் இரண்டு லம்பாம் கிடைத்தன. ஒன்றை மகன் தண்ணீரிலேயே விட்டுவிட்டான். மற்றதை வீட்டுக்குக் கொண்டு வந்து அம்மா பொரித்தார். ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒரு விள்ளல்.

கோல் வீடு திரும்பியதும் அப்பா அதை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, ஒவ்வொரு கட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியிலிருந்து மூன்றாவது வளையத்தில், மஞ்சள் நூலுக்கு மேல், ஒரே ஒரு குமிழி சிறைப்பட்டிருந்தது. எனக்கு அதுவரை தெரியவில்லை. புரை நீக்கிய கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"அடுத்த தடவை கலக்கும்போது இன்னும் பொறுமையா கலக்கு" என்றார்.

அடுத்த தடவை உண்டு. அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்த பழைய நண்பர்கள் இருவர் செய்தி கேட்டுத் தங்கள் கோல்களைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வாசல் நாற்காலி இப்போது பல நேரம் காலியாக இருக்கிறது. உள்ளே மேசையில், மூக்குக் கண்ணாடியோடு, 'பி', 'ஹா' என்று எழுதிய இரண்டு ஊசிக்குழல்களுக்கு நடுவில் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.